டெக்சாஸில் தனியார் நிலத்தில் மான் வேட்டை: வெளிமாநிலத்தவர் லைசன்ஸ் எடுக்கும் வழி

ஆகஸ்ட் பிறந்தால் எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் தொடங்கும்: “அண்ணே, டெக்சாஸில் நம்ம பையன் ஒருத்தன் நிலம் வாங்கியிருக்கான். மான் கூட்டம் கூட்டமா வருதாம். அவன் நிலம்தானே, லைசன்ஸ் எதுக்கு?”

நிலம் அவருடையதுதான். மான் அவருடையது இல்லை. டெக்சாஸ் சட்டப்படி அந்த மாநிலத்தில் திரியும் காட்டு விலங்குகள் மாநில மக்களின் சொத்து. வேலி எவ்வளவு உயரமாக இருந்தாலும் உள்ளே மேயும் வெள்ளைவால் மானுக்கு நில உரிமையாளர் சொந்தம் கொண்டாட முடியாது. மானைச் சுட அரசு அனுமதி தர வேண்டும், நிலத்தில் கால் வைக்க உரிமையாளர் அனுமதி தர வேண்டும். இந்த இரண்டும் தனித்தனி என்பது மனதில் பதிந்துவிட்டால் மீதியெல்லாம் வரிசையாக வந்துவிடும்.

நான் ஓக்லஹோமாவில் இருக்கிறேன். ஒவ்வொரு நவம்பரிலும் தெற்கே இறங்கி, டெக்சாஸ் மலைநாட்டில் மேசன் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பக்கம் ஒரு பண்ணைக்குப் போகிறேன். வெளிமாநிலத்தவருக்கு டெக்சாஸைத்தான் முதலில் சொல்வேன். ஐயோவா போன்ற மாநிலங்களில் வெளியூர்க்காரர் மான் டேக் (சுட்ட மானில் கட்டும் சீட்டு) வாங்க விண்ணப்பம் போட்டு, குலுக்கலில் பெயர் வராமல், வருடக்கணக்கில் முன்னுரிமைப் புள்ளி சேர்த்துக் காத்திருக்கிறார்கள். டெக்சாஸில் பணத்தைக் கட்டினால் லைசன்ஸ் கையில். நிலத்தில் 95 சதவீதம் தனியாருடையது என்பதால் வேட்டையும் பெரும்பாலும் தனியார் பண்ணைகளில்தான் நடக்கிறது.

முதலில், நீங்கள் வெளிமாநிலத்தவரா?

டெக்சாஸில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் குடியிருந்தால்தான் வேட்டை லைசன்ஸுக்கு நீங்கள் உள்ளூர்வாசி. ஜூலையில் வேலை மாறி டாலஸுக்கு வந்தவர் நவம்பரில் வேட்டைக்குப் போனால் அவர் இன்னும் வெளிமாநிலத்தவர்தான், வீடே வாங்கியிருந்தாலும். அங்கே நிலம் மட்டும் வைத்துக்கொண்டு நியூ ஜெர்சியில் குடியிருப்பவரும் அப்படியே. உள்ளூர்வாசிக்கு 25 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 315 டாலர். இந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு நண்பர் வீட்டு முகவரியைக் கொடுத்து உள்ளூர் லைசன்ஸ் வாங்கச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். பொய் சொல்லி எடுத்த லைசன்ஸ் செல்லாது. அதை வைத்துச் சுட்ட மான் சட்டவிரோதமாகச் சுட்ட மான்.

17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு இந்தப் பிரிவினையே இல்லை. எந்த மாநிலத்துப் பிள்ளையாக இருந்தாலும் 7 டாலர் இளையோர் லைசன்ஸ் போதும்.

விசாவில் இருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகாதீர்கள்

நம்மவர்களில் பலர் எச்-1பி, எஃப்-1, எல்-1 போன்ற விசாக்களில் இருப்பதால் இதை நிதானமாகச் சொல்கிறேன். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம், குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைப் பொதுவாகத் தடை செய்கிறது. வாங்கினால் மட்டும்தான் குற்றம் என்றில்லை. நண்பரின் துப்பாக்கியைக் கையில் பிடிப்பதும் ‘வைத்திருப்பது’ என்ற கணக்கில் வரும். இந்தத் தடைக்குச் சில விலக்குகள் உண்டு. அவற்றில் நம் போன்றவர்களுக்குப் பொருந்துவது, அமெரிக்காவில் முறையாக வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை லைசன்ஸ் உங்களிடம் இருப்பது.

அதனால் எதை முதலில் செய்வது என்ற வரிசை முக்கியம். நம் பையன்கள் செய்யும் தவறு இது: நவம்பரில் வேட்டை என்று முடிவானதும், ‘கொஞ்சம் பழகிக்கலாம்’ என்று செப்டம்பரிலேயே சுடும் பயிற்சிக்கூடத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியை எடுத்துவிடுகிறார்கள். லைசன்ஸை அக்டோபரில் வாங்குகிறார்கள். அந்த ஒரு மாதத்தில் அவர்கள் செய்தது கூட்டாட்சிக் குற்றம். லைசன்ஸ் முதலில், பயிற்சி பிறகு. டெக்சாஸ் வருட லைசன்ஸ் எந்த மாதத்தில் வாங்கினாலும் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். அன்றோடு அந்த விலக்கும் போய்விடும். செப்டம்பரில் புதுப்பிக்க மறந்து வீட்டில் துப்பாக்கியை வைத்திருந்தால் மறுபடியும் அதே சிக்கல். விசா நிலையே காலாவதியாகி இருப்பவருக்கு இந்த விலக்கு கிடையாது.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்களை இந்தத் தடை தொடாது. விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி சொந்தமாக வாங்க நினைத்தால், அதற்கு முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் அரைமணி நேரம் பேசிவிடுங்கள். ஒரு மானுக்காக விசாவைப் பணயம் வைக்கக் கூடாது.

வில்லும் குறுக்குவில்லும் இந்தச் சட்டத்தில் துப்பாக்கி ஆகாது. வில் வேட்டைக்கென்று தனிப் பருவம் இருக்கிறது. அதில் வேட்டையாட லைசன்ஸோடு 7 டாலர் வில் ஒப்புதலும் சேர்த்து வாங்க வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கு அது நல்ல வழி.

டொராண்டோவிலிருந்து வரும் நம் உறவுகள் சொந்தத் துப்பாக்கியைக் கொண்டுவர வேண்டுமானால், துப்பாக்கி விவகாரங்களைக் கவனிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப்பின் 6-என்ஐஏ படிவத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அதோடு இணைக்க வேட்டை லைசன்ஸ் நகல் உதவும். கனடாவை விட்டுக் கிளம்பும்போதே அங்குள்ள சுங்கத்திலும் பதிவு செய்துவிடுங்கள், திரும்பும்போது கேள்வி வராது.

வேட்டைப் பாடம்

1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த யாராக இருந்தாலும், வெளிமாநிலத்தவர் உட்பட, வேட்டைக் கல்விச் சான்றிதழ் வேண்டும். வேறு மாநிலத்தில் ஏற்கெனவே முடித்திருந்தால் டெக்சாஸ் அதை ஏற்கும். 17 வயதைக் கடந்தவர்கள் முழுப் பாடத்தையும் இணையத்திலேயே முடிக்கலாம்.

நேரமில்லை என்றால் 10 டாலருக்கு ஒரே ஒருமுறை தள்ளிவைப்பு கிடைக்கும். ஆனால் சான்றிதழ் உள்ள, அல்லது வயதால் விலக்கு பெற்ற, லைசன்ஸ் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் குரல் கேட்கும் தூரத்தில் கூடவே இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் பாடத்தைப் படித்துவிடுங்கள். குண்டு இலக்கைத் தாண்டி எங்கே போய் விழும், பின்னணியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் நமக்கு ஊரில் யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. மலை முகட்டில் வானத்தைப் பின்னணியாக வைத்து நிற்கும் மானைச் சுடக் கூடாது என்று நான் கற்றது அந்தப் பாடத்தில்தான்.

நிலம்: வாய்ச்சொல் போதாது

உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் வேட்டையாடுவதை டெக்சாஸ் மிகக் கடுமையாகப் பார்க்கிறது. ‘தெரியாமல் நுழைந்துவிட்டேன்’ என்பது எடுபடாது. பலகை இல்லை என்றாலும், மரத்திலோ வேலிக் கம்பத்திலோ ஊதா நிறப் பட்டை தீட்டியிருந்தால் ‘உள்ளே வராதே’ என்று அர்த்தம். அந்தப் பட்டை செங்குத்தாக, குறைந்தது 8 அங்குல நீளம், 1 அங்குல அகலம், தரையிலிருந்து 3 முதல் 5 அடி உயரத்தில் இருக்கும். புதிதாக வருபவர்கள் அதை ஏதோ சர்வே அடையாளம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள்.

நண்பரின் நிலமாக இருந்தாலும் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் பெயர், தேதிகள், எந்த விலங்கு, எத்தனை, உரிமையாளரின் கையெழுத்து. நான் போகும் பண்ணையின் பெரியவர் முதல் வருடம் ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்தார். இன்றும் அதே மாதிரிதான், வருடா வருடம் தேதி மட்டும் மாறும். பணம் வாங்கிக்கொண்டு வேட்டைக்கு நிலம் விடுபவர் என்றால் அவர் தனியாக வேட்டைக் குத்தகை லைசன்ஸ் எடுத்திருக்க வேண்டும். ‘இருக்கிறதா?’ என்று கேட்பதில் தவறில்லை.

உரிமையாளரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் உண்டு. எல்லை எங்கே? எந்த மானை விட்டுவிட வேண்டும்? உங்கள் நிலம் அரசின் மான் மேலாண்மைத் திட்டத்தில் இருக்கிறதா? அந்தத் திட்டத்தில் சேர்ந்த பண்ணையில் பருவம் வேறு, டேக்கும் வேறு. உரிமையாளர் தரும் டேக்கைத்தான் மானில் கட்ட வேண்டும். ஆனாலும் உங்கள் லைசன்ஸ் கட்டாயம்.

எல்லையைப் பற்றி இன்னும் கொஞ்சம். என் மூன்றாவது வருடம், அடிபட்ட மான் ஒன்று நாற்பது கஜம் ஓடி, ஐந்து கம்பி வேலியைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்துவிட்டது. கண்ணுக்குத் தெரிகிறது. கம்பியில் அதன் வெள்ளை வால்மயிர் நாலைந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் வேலியில் கை வைத்ததும் பெரியவர் என் தோளைப் பிடித்தார். “அது என் நிலம் இல்லை” என்றார். பக்கத்துப் பண்ணைக்காரருக்கு போன் போட்டு, அவர் எடுக்காமல், மறுபடி போட்டு, ‘போய் எடுத்துக்கொள்’ என்று அவர் சொல்லும்வரை நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தோம். அடிபட்ட மானைத் தேடிப் போனாலும் அடுத்தவர் நிலத்தில் நுழைய அவர் சம்மதம் வேண்டும். அதனால் வேட்டைக்கு முந்தின நாளே சுற்றிலும் உள்ள நில உரிமையாளர்களின் எண்களை வாங்கிவைத்துவிடுங்கள்.

லைசன்ஸ் வாங்கும்போது

டெக்சாஸ் பூங்கா மற்றும் வனவிலங்குத் துறைதான் லைசன்ஸ் தருகிறது. புதிய வருடத்துக்கானது ஆகஸ்ட் 15 வாக்கில் விற்பனைக்கு வரும், அடுத்த வருடம் ஆகஸ்ட் 31 அன்று முடியும். அதன் இணையதளத்திலோ, போனிலோ, வால்மார்ட், அகாடமி போன்ற கடைகளின் கவுண்டரிலோ வாங்கலாம். அடையாள அட்டையும் சமூகப் பாதுகாப்பு எண்ணும் கையில் இருக்கட்டும். இணையத்தில் வாங்கினால் டேக் உள்ள காகிதம் தபாலில்தான் வரும். வேட்டைக்கு இரண்டு வாரம்கூட இல்லை என்றால் கடைக்கு நேரில் போய் வாங்குங்கள். ரசீதை மானில் கட்ட முடியாது.

நீங்கள் கேட்க வேண்டியது ‘நான்-ரெசிடென்ட் ஜெனரல் ஹன்டிங்’. 315 டாலர். இந்தப் பெயரை அப்படியே எழுதிக்கொண்டு போங்கள், ஏனென்றால் இதைவிட மலிவாக இன்னும் இரண்டு இருக்கின்றன. ‘ஸ்பெஷல்’ என்று 132 டாலருக்கு ஒன்று, ஐந்து நாள் ‘ஸ்பெஷல்’ என்று 48 டாலருக்கு ஒன்று. இரண்டிலும் வெள்ளைவால் மானைச் சுட முடியாது. என்னோடு வந்த தம்பி ஒருவர், கடையில் “மான் வேட்டை, மூன்று நாள்” என்று சொல்லியிருக்கிறார். கவுண்டரில் இருந்தவர் ஐந்து நாள் லைசன்ஸை அடித்துக் கொடுத்துவிட்டார். இரவு பண்ணையில் விளக்கடியில் பிரித்துப் பார்த்தால் டேக்கே இல்லை. மறுநாள் விடியற்காலை வேட்டை. அவர் அன்று தோட்டா இல்லாமல் பைனாக்குலரோடு உட்கார்ந்திருந்தார். கடையை விட்டுக் கிளம்பும் முன் காகிதத்தைப் பிரித்து வெள்ளைவால் மான் டேக் ஐந்து இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

மலிவு லைசன்ஸ் வீண் என்று சொல்ல வரவில்லை. நம் ஊர்ப் புள்ளிமான் டெக்சாஸில் நிறைய இருக்கிறது. 1930களில் கொண்டுவந்து விட்டது, மலைநாட்டில் பல்கிப் பெருகிவிட்டது. அங்கே அதற்கு ‘ஆக்ஸிஸ்’ என்று பெயர். சட்டத்தின் பார்வையில் அது அந்நிய விலங்கு. பருவம் கிடையாது, எண்ணிக்கை வரம்பு கிடையாது, டேக்கும் வேண்டாம். ஐந்து நாள் லைசன்ஸும் நில உரிமையாளர் சம்மதமும் போதும். கிண்டியில் கம்பிக்கு வெளியே நின்று பார்த்த அதே மானை அங்கே வேலியோரம் முதன்முதலில் கண்டபோது எனக்குக் கைகால் ஓடவில்லை. அதன் கறி வெள்ளைவாலைவிட ருசி என்பார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. முதல் வேட்டைக்குச் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் இதைத் தாராளமாக யோசிக்கலாம்.

பருவமும் கவுண்டியும்

துப்பாக்கிக்கான பொதுப் பருவம் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்குகிறது. வடக்கு மண்டலத்தில் ஜனவரி முதல் ஞாயிறுவரை, தெற்கு மண்டலத்தில் ஜனவரி மூன்றாவது ஞாயிறுவரை. சூரிய உதயத்துக்கு அரைமணி முன்னதாகத் தொடங்கலாம், அஸ்தமனத்துக்கு அரைமணி பின்வரை இருக்கலாம். வருடத்துக்கு ஒருவருக்கு ஐந்து வெள்ளைவால் மான். அதில் கொம்புள்ள ஆண் மூன்றுக்கு மேல் கூடாது. டெக்சாஸில் 254 கவுண்டிகள். ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு. நீங்கள் போகும் கவுண்டியின் பக்கத்தை எடுத்து ஒருமுறை முழுதாகப் படிக்காமல் கிளம்பாதீர்கள். பெண் மானைச் சுட நாள் கணக்கு உள்ள கவுண்டிகளும், சுட்ட 24 மணி நேரத்துக்குள் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய கவுண்டிகளும் உண்டு.

பல கவுண்டிகளில் கொம்புக் கட்டுப்பாடு இருக்கிறது. இரு கொம்புக்கும் இடையிலான உள் அகலம் 13 அங்குலமாவது இருக்க வேண்டும், அல்லது ஒரு கொம்பாவது கிளைக்காமல் இருக்க வேண்டும். அளவுகோலோடு போய் அளக்க முடியாதே! காதைப் பாருங்கள். மான் விறைத்துக் கவனிக்கும்போது இரு காது நுனிகளுக்கும் இடையே சுமார் 13 அங்குலம் இருக்கும். கொம்பு காதுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சுடலாம். சந்தேகமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

தனியார் நிலத்தில் மக்காச்சோளம் போட்டு மானை வரவழைப்பது டெக்சாஸில் சட்டப்படி சரி. சிறிய .22 ரிம்ஃபயர் தோட்டா மானுக்குக் கூடாது. ஆரஞ்சு உடை தனியார் நிலத்தில் கட்டாயமில்லை என்றாலும் நான் போடுகிறேன், என்னோடு வருபவர்களையும் போட வைக்கிறேன்.

டேக் கட்டும் நேரம்

மான் விழுந்ததும் மனசு படபடக்கும். போட்டோ எடுக்கத் தோன்றும், வீட்டுக்குச் சொல்லத் தோன்றும். அதற்கெல்லாம் முன்னால் டேக். கொன்ற உடனே கட்ட வேண்டும் என்பதுதான் சட்டம். வண்டியில் ஏற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இல்லை.

என் பையில் ஒரு சின்ன உறைக்குள் மூன்று பொருள் இருக்கும்: மை பேனா, சிறு கத்தி, தடித்த நூல். லைசன்ஸிலிருந்து சரியான டேக்கைப் பிரிக்க வேண்டும். ஆண் மானுக்கும் பெண் மானுக்கும் எது எது என்று அதிலேயே போட்டிருக்கும். பண்ணையின் பெயரையும் கவுண்டியையும் மையால் எழுத வேண்டும். பிறகு ஓரத்தில் அச்சிட்டிருக்கும் மாதத்தையும் தேதியையும் கத்தியால் வெட்டி எடுக்க வேண்டும். பேனாவால் வட்டம் போட்டால் செல்லாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். நவம்பர் குளிரில் விரல் மரத்துப்போய், தலைவிளக்கு வெளிச்சத்தில், ஒரு கட்டத்துக்குப் பதில் பக்கத்துக் கட்டத்தை வெட்டிவிடுவது சுலபம். அதனால் நான் டேக்கை உள்ளங்கையில் வைக்காமல் துப்பாக்கியின் மரக்கட்டை மேல் வைத்து வெட்டுகிறேன், தோட்டாவை எடுத்துவிட்டு. பிறகு நூலால் கொம்பின் அடியில் கட்டிவிடுவேன். லைசன்ஸின் பின்பக்கம் உள்ள வெள்ளைவால் மான் பதிவேட்டையும் அங்கேயே நிரப்பிவிட வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவருவது

மானை நான்காக வெட்டலாம். ஆனால் இறுதி இடத்துக்குப் போய்ச் சேரும்வரை ஆணா பெண்ணா என்பதற்கான அடையாளம் கூடவே இருக்க வேண்டும். ஆணுக்குக் கொம்போடு கூடிய தலை. பண்ணை ஊர்களில் மான் வெட்டித் தரும் கடைகள் உண்டு. வெளிமாநிலத்தவர் அங்கேயே கொடுத்து, எலும்பு நீக்கிப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொள்வதுதான் நல்லது. காரணம் சிடபிள்யூடி என்கிற மான் நோய். டெக்சாஸில் 2012-ல் முதலில் கண்டறியப்பட்டது. மூளையும் முதுகுத்தண்டும் அந்நோயைப் பரப்பலாம் என்பதால், முழு உடலையோ தலையையோ எல்லைக்குள் கொண்டுவருவதைப் பல மாநிலங்கள் தடை செய்திருக்கின்றன. உங்கள் மாநில விதியையும், வழியில் கடக்கும் மாநிலங்களின் விதியையும் பாருங்கள். நோய் உள்ள பகுதியில் சுட்ட மான் என்றால் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்த பிறகே சமையுங்கள்.

கறியை விற்கக் கூடாது, ஒரு பொட்டலம்கூட. கொடுக்கலாம். பண்ணையிலேயே நண்பருக்கு ஒரு தொடையைப் பிரித்துக் கொடுத்தால், கூடவே ஒரு துண்டுச் சீட்டும் எழுதிக் கொடுங்கள்: உங்கள் பெயர், முகவரி, லைசன்ஸ் எண், அவர் பெயர், என்ன கொடுத்தீர்கள், எந்தத் தேதியில் எந்தப் பண்ணையில் சுட்டது, உங்கள் கையெழுத்து. கறி அவர் வீடு போய்ச் சேரும்வரை அந்தச் சீட்டு அதோடே இருக்க வேண்டும். போன வருடம் அந்தத் தம்பி சரியான லைசன்ஸோடு வந்து தன் முதல் மானை எடுத்தார். எனக்கு ஒரு தொடை கொடுத்தார், சீட்டையும் தானே எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஐஸ்பெட்டியின் மூடியில் ஒட்டித் தந்தார்.